டர்பனில் புது வீடியோ கேமரா: ரசீதிலிருந்து காவடி நாள் வரை

கேமரா வாங்கப் போனால் லென்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசும் கடைக்காரர், ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். என் கேமராவின் மைக் இணைப்பு இரண்டாம் மாதமே தகராறு செய்தபோது கடை, பழுதுநீக்கும் மையம், இறக்குமதியாளர் என்று மூன்று வாசல் ஏறி இறங்கினேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதையும், பிறகு கேமராவோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ஐசிபிங்கோ பக்கம் கோயில் விழாக்களையும் வீட்டு விசேஷங்களையும் ஆசைக்காகப் படம் பிடிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கல்யாண வீடியோவைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

முதலில் நாள் கணக்கு. தைப்பூசக் காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்காக ஜனவரியில் கேமரா வாங்காதீர்கள். நவம்பர் கடைசித் தள்ளுபடியில் வாங்கினால் பழகுவதற்கு இரண்டு மாதம் கிடைக்கும். அதிலும் ஒரு சிக்கல்: பழுதுநீக்கும் மையங்கள் பலவும் டிசம்பர் நடுவில் கதவைச் சாத்திவிட்டு ஜனவரியில்தான் திறக்கின்றன. கோளாறு எதுவானாலும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அவகாசம் போதாது என்றால் தைக் காவடியைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வாருங்கள்; ஏப்ரல், மே வாக்கில் சித்திரைக் காவடி வருகிறது.

1. பணம் கொடுக்கும் முன்

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது இந்நாட்டு அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்ததா, தனியாக இறக்குமதி செய்ததா?" ஒரே கேமரா ஒரு கடையில் கணிசமாக மலிவாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை. அப்படி விற்பதில் தவறில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிகக்குறியின் பதிவு பெற்ற உரிமையாளரின் ஒப்புதலோ உரிமமோ இல்லாமல் இறக்குமதி செய்த பொருள் என்ற அறிவிப்பைக் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும். அந்த அறிவிப்பை நான் கடைகளில் தேடிப் பார்ப்பது உண்டு. கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள். இந்த வகைக் கேமராவுக்கு, தயாரிப்பு நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை உத்தரவாதம் தராது. விற்ற கடைதான் பொறுப்பு. அந்தக் கடை நாளைக்கும் இருக்குமா என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

இரண்டாவது, ரசீது. 5,000 ரேண்டுக்கு மேற்பட்ட விற்பனைக்கு முழு வரி ரசீது கேளுங்கள். உங்கள் பெயர், முகவரி, கடையின் வரிப் பதிவு எண், கேமராவின் தொடர் எண் நான்கும் அதில் இருக்கட்டும். தொடர் எண்ணை யாரும் தாமாக எழுத மாட்டார்கள். நின்று எழுதி வாங்குங்கள். பின்னால் காப்பீட்டுக்கும் சுங்கத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இந்த ஒரே காகிதம்தான் பேசும். சொல்லப்படும் விலையில் 15% மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர் காட்டும் விலையில் அது இருக்காது. பார்சல் வந்து சேரும்போது தலையில் விழும்.

மூன்றாவது, உங்கள் உரிமை. பொருள் குறையுடையது என்றால் வாங்கிய ஆறு மாதத்துக்குள், கடையின் செலவிலேயே திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. பழுதுபார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால் மாற்றுப் பொருளோ பணமோ தந்தே ஆக வேண்டும். "பழுதுபார்க்க மட்டும்தான் எங்கள் கடையில் வழக்கம்" என்று எனக்குச் சொன்னார்கள். சட்டத்தின் 56ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிய மறுநாளே வழக்கம் மாறியது. வாய்ச்சண்டை வேண்டாம், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள்.

இணையத்தில் உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால், கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. தனிநபரிடம் பழைய கேமரா வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. உள்ளது உள்ளபடி வாங்குவதுதான்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கேமராவிலும் லென்ஸிலும் கொட்டிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்: கூடுதல் பேட்டரி இரண்டு, தரமான கார்டு இரண்டு, மைக், ஹெட்ஃபோன், அசையாத முக்காலி. விலை குறைந்த கேமராவும் நல்ல மைக்கும் சேர்ந்தால் பார்க்கும்படியான படம் வரும். தலைகீழாக வாங்கினால் வராது.

2. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால்

சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ மலிவு என்று வாங்கிவருகிறவர்கள் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 48 மணி நேரமாவது நாட்டுக்கு வெளியே இருந்து திரும்பும் பயணி 5,000 ரேண்ட் மதிப்புவரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம்; 30 நாளில் ஒரு முறைதான் இந்தச் சலுகை. அதற்கு மேற்பட்ட மதிப்பில் இன்னொரு 20,000 ரேண்ட்வரை ஒரே விகிதமாக 20% கட்டலாம். 18,000 ரேண்ட் கேமராவுக்கு 5,000 கழிய 13,000. அதில் 20% என்றால் 2,600 ரேண்ட். விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்த மகிழ்ச்சி இங்கேயே கரைந்துவிடலாம். அந்த வரம்பையும் தாண்டினால் வழக்கமான தீர்வையும் வரியும் வரும். வாங்கும் முன் அப்போதைய தொகைகளை வருவாய்த் துறையின் அறிவிப்பில் ஒருமுறை சரிபாருங்கள்.

பலர் மறக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. இங்கே வாங்கிய கேமராவை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் போகும்போது, புறப்படும் முன் விமான நிலையச் சுங்கப் பிரிவில் தொடர் எண்ணோடு பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது எங்கே வாங்கியது?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும் என்பதால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. சாதாரணக் கேமரா பேட்டரி 16 வாட்-மணி அளவுதான். உதிரி பேட்டரிகளின் முனைகளை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

3. முதல் வாரம் சோதனை மட்டும்

பெட்டியைப் பிரிக்கும்போதே கைபேசியில் படம் எடுங்கள்: முத்திரை, தொடர் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும். வெளிநாட்டுப் பெட்டி என்றால் சார்ஜரின் முனை இங்குள்ள மூன்று உருண்டைக் கால் சாக்கெட்டில் நுழையாது. அடாப்டர் வாங்கி வையுங்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது மின்னழுத்தம் எகிறும். மின்வெட்டு முன்போல இல்லாவிட்டாலும் மின்பாய்ச்சல் தடுப்புள்ள பலகையில்தான் சார்ஜ் செய்யுங்கள்.

லென்ஸ் மூடியை மாட்டியபடியே ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, உயர்த்தி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கறுப்புத் திரையில் அசையாத வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் குறை. சில கேமராக்களில் மெனுவிலேயே அதைச் சரிசெய்யும் வழி இருக்கும். பிறகு ஒவ்வொரு துளையையும் உண்மையாகவே பயன்படுத்திப் பாருங்கள்: மைக், ஹெட்ஃபோன், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, இரண்டு கார்டு இடங்கள்.

வெப்பச் சோதனையைத் தவறவிடாதீர்கள். நண்பகலில் வராந்தாவில் முக்காலியில் நிறுத்தி, நீங்கள் பயன்படுத்தப்போகும் உச்சத் தரத்தில் கேமரா தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் 4கே தரத்தில் விநாடிக்கு 50 ஃபிரேம் (தனிப்படம்) எடுக்கும்போது சின்னக் கேமராக்கள் சூடாகி அணைவது சாதாரணம். எத்தனை நிமிடத்தில் அணைந்தது என்று எழுதி வையுங்கள். அது குறையா, குணமா என்பதைக் கையேட்டோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். பழைய மாதிரிகள் சில, 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். அது கோளாறு இல்லை, அவற்றின் வடிவமைப்பே அப்படி.

4. மெனுவில் முதலில் தொட வேண்டியவை

நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும் மெனுவில் ஆரம்பத்தில் ஐந்தாறு போதும். முதலாவது மின் அதிர்வெண். இந்நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கிய கேமரா 30, 60 ஃபிரேமில் இருக்கும். அதை 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பிஏஎல் (PAL) முறைக்கு மாற்றி 25 அல்லது 50 ஃபிரேம் ஆக்குங்கள். 25 ஃபிரேமுக்கு ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம், 1/50 விநாடி. இதை நிலையாக வைத்துவிட்டு வெளிச்சத்தை மற்ற வழிகளில் கட்டுப்படுத்தப் பழகுங்கள். 1/60இல் எடுத்த கல்யாண மண்டபத்தின் குழல்விளக்குப் பட்டைகள் படம் முழுக்க மேலும் கீழும் ஊர்வதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எல்இடி அலங்கார விளக்குகள் இன்னொரு தலைவலி. விழாவுக்காகக் கோபுரத்தில் சுற்றும் மலிவான பட்டைகள் தங்கள் இஷ்டத்துக்குத் துடிக்கும். 1/50, 1/100 இரண்டுமே உதவாத இடங்கள் உண்டு. ஷட்டரைச் சின்னச் சின்னப் படிகளாக மாற்றும் வசதி உங்கள் கேமராவில் இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் கோடு மறையும்வரை நகர்த்தி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்குகள் எரியும் மாலையில் ஒருமுறை போய்ச் சோதித்துவிட்டு வந்தால் விழா நாளில் நிம்மதி.

பகலில் 1/50 ஷட்டருக்கு வெளிச்சம் அளவுக்கு மீறி இருக்கும். என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி, கட்டாயம். திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை பழகுபவருக்கு வசதி. மிக மலிவானதைக் கடைசிவரை திருகினால் வானத்தில் எக்ஸ் வடிவக் கறை விழும்.

வெண்மைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விடாதீர்கள். காவடி ஊர்வலத்தில் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையும் சாமந்தி மாலையும் திரையை நிரப்பும்போது கேமரா "மஞ்சள் அதிகம்" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் நீலத்துக்குத் தள்ளும். அந்தக் கூட்டம் நகர்ந்ததும் திரும்ப மாறும். ஒரே காட்சியில் முகத்தின் நிறம் மூன்று முறை மாறியிருந்தால் அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. வெயிலில் 5600 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று பூட்டுங்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெள்ளைக் காகிதத்தைக் காட்டி அளவெடுங்கள்.

வரிக்குதிரைக் கோட்டை 95%இல் வையுங்கள். வெளிறிப்போகும் இடத்தில் கோடு தோன்றும். விபூதி பூசிய நெற்றியில் முதலில் தெரியும். லாக் எனப்படும் மங்கலான பதிவு முறையை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். நிறம் திருத்தத் தெரியாதவர் கையில் அது சாம்பல் பூசிய படமாகவே மிஞ்சும்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். இரண்டு கேமராக்களின் காட்சிகளை இணைக்கும்போது இதன் அருமை தெரியும்.

5. ஒலி

உறுமியும் தவிலும் பக்கத்தில் அடிக்கும்போது தானியங்கி ஒலி அளவு ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழும். நாதஸ்வரம் தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல் கேட்கும். கையால் அளவு வையுங்கள்: உரத்த அடி மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும், எந்த நிலையிலும் பூஜ்யத்தைத் தொடக் கூடாது. தொட்ட ஒலி கிழிந்தது கிழிந்ததுதான்; படத்தையாவது ஓரளவு மீட்கலாம், இதை மீட்க முடியாது. ஒரு தடத்தை 12 டெசிபல் குறைத்துத் தனியாகப் பதியும் வசதி இருந்தால் எப்போதும் இயக்கி வையுங்கள். ஹெட்ஃபோன் காதில் இல்லாமல் பதிவுப் பொத்தானைத் தொடாதீர்கள். கடற்கரையில் எடுப்பவர்களுக்கு மைக்கின் மேல் மாட்டும் ரோம உறை தேவை. அது இல்லாவிட்டால் இந்தியப் பெருங்கடல் காற்று மட்டும்தான் பதிவாகும்.

6. கார்டும் பேட்டரியும்: கொஞ்சம் கணக்கு

விநாடிக்கு 100 மெகாபிட் பதிவு என்றால் மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். 200 மெகாபிட் என்றால் பாதி. வி30 என்று அச்சிட்ட கார்டு விநாடிக்கு 30 மெகாபைட் குறையாமல் எழுதும் என்று பொருள். 100, 200 மெகாபிட்டுக்கு அது தாராளம். வி90க்குப் பணத்தைக் கொட்டும் முன் கேமராவின் கையேட்டைப் பாருங்கள்.

போலிக் கார்டுகள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன. வாங்கியதும் கடைசி ஜிபி வரை எழுதிப் படித்துச் சோதியுங்கள். கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் பேட்டரி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நான் நம்புகிறேன்.

7. பழகும் இடங்கள்

மூன்று வாரம், வாரத்துக்கு ஒரே பாடம். முதல் வாரம் வெளிச்சம்: கடற்கரை நடைபாதையில் சூரியன் எழும் நேரம். விளிம்பில் நின்று கடலையும், திரும்பிக் கட்டடங்களையும் மாறி மாறி எடுங்கள். இரண்டாம் வாரம் ஃபோகஸ். இதற்குச் சமையலறையைவிட நல்ல இடம் இல்லை. ஆயா முறுக்குப் பிழியும்போது முதலில் விரல் இடுக்கில் பிதுங்கும் மாவு, பிறகு எண்ணெயில் எழும் நுரை, பிறகு அவர் முகம்; இந்த மூன்றுக்கும் ஃபோகஸ் வெட்டுவெட்டென்று தாவாமல் வழுக்கிப் போகும்வரை தானியங்கி ஃபோகஸின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆயாவும் "இன்னும் முடியலையா கண்ணு?" என்று பத்து நிமிடம்தான் பொறுப்பார், அதுவும் நல்ல பயிற்சி. கற்பூரப் புகையில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும் என்பதால், கையால் திருப்பும் முறையையும் ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் நடந்துகொண்டே எடுப்பது. முக்காலியில் மாட்டும்போது நடுக்கத் தடுப்பை அணைக்க மறக்காதீர்கள்.

தாவரவியல் பூங்கா நல்ல இடம். விக்டோரியா தெருச் சந்தையில் நிறம் கொட்டிக்கிடக்கிறது. ஆனால் தனியாகப் போகாதீர்கள், கேமரா நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பையைத் தோளில் மாட்டாதீர்கள்.

8. அனுமதியும் காப்பீடும்

கோயிலில் எடுக்க, விழாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிர்வாகக் குழுவின் செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள். எந்த நாள், எங்கே நிற்பீர்கள், படம் எங்கே காட்டப்படும், கோயிலுக்குப் பிரதி எப்போது தருவீர்கள் என்று நாலு வரி போதும். கையெழுத்திட்ட பதிலைப் பையில் வைத்திருங்கள். வாசலில் நிற்கும் தொண்டருக்கு உங்கள் வாய்வார்த்தை தெரியாது. கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அருள் வந்து ஆடுகிறவரின் முகத்தை நெருங்கி எடுப்பதற்கு முன், அவர் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கான பதிவுகளைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை. பணம் வாங்கத் தொடங்கினால் கதை வேறு. பொது இடத்தில் வணிகப் படப்பிடிப்புக்கு மாநகராட்சி அனுமதியும் தேவைப்படும்.

டிரோன் ஆசை இருந்தால்: விமான தளத்திலிருந்து 10 கிலோமீட்டர், தொடர்பில்லாத மனிதர்களிடமிருந்து 50 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. கிங் ஷாக்கா, வர்ஜினியா என்று இரண்டு தளங்கள் இருக்கும் நகரத்தில் காவடிக் கூட்டத்தின் மேல் பறக்கவிடும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

வீட்டுப் பொருள் காப்பீடு வீட்டுக்கு வெளியே களவு போகும் கேமராவுக்குத் தானாகப் பொருந்தாது. "எல்லா இடர்" பிரிவில் தொடர் எண்ணோடு தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். காரில் விட்டுச் சென்றால் என்ன நிபந்தனை என்று கேளுங்கள். பூட்டிய டிக்கியில் இருந்தால்தான் இழப்பீடு என்பது பரவலான நிபந்தனை. களவு நடந்தால் காவல் நிலையத்தின் வழக்கு எண் இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஒருமுறை கட்டணத்துக்கு எடுத்தாலும் அது தொழில் பயன்பாடு ஆகிவிடலாம். முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

9. விழா நாள்

முந்திய இரவு கேமராவைக் குளிரூட்டிய அறையில் வைக்காதீர்கள். காலைப் புழுக்கத்தில் வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். அப்படி வைத்திருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலேயே அரை மணி நேரம் விட்டு எடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்; மற்ற நாட்களில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

கூட்டத்தில் முக்காலி விரிக்க இடம் தர மாட்டார்கள். ஒற்றைக்காலி போதும். காவடிக்கு முன்னால் பின்னோக்கி நடந்து எடுக்கும்போது தம்பியையோ மருமகனையோ உங்கள் பின்புறம் நிறுத்தி, இடுப்பு வாரைப் பிடித்து வழிநடத்தச் சொல்லுங்கள். தேங்காய் ஓடு, கற்பூரத் தட்டு, குழந்தை எது காலடியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. காவடி ஏந்தியவர் நிற்க மாட்டார்.

வீடு திரும்பியதும் கார்டுகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுங்கள். விநாடிக்கு 90 மெகாபைட் படிக்கும் ரீடரில் நிறைந்த 128 ஜிபி கார்டுக்கு ஒரு நகலுக்கே 24 நிமிடம் ஆகும். ஒவ்வொரு கோப்பையும் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யலாம். கோயிலுக்குக் கொடுக்கும் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. 10 பிட் எச்.265 என்ற வீடியோ வகைக் கோப்பை மண்டபத்துத் தொலைக்காட்சி பெரும்பாலும் திறக்காது. 1080 அளவில் எச்.264 ஆக மாற்றி, அந்தத் தொலைக்காட்சியிலேயே ஓட்டிக் காட்டிவிட்டுச் செயலாளரிடம் கொடுங்கள்.